குணாபுரியின் பத்தாவது நாள்

நல்லா உக்காருங்கக்கா, நான் தள்ளிக்கறேன். மடியில என்னது, தையல் மிஷின் தலையா? மதுரைக்கு ரிப்பேருக்கா? கீழ வச்சா பஸ் குலுக்கற குலுக்கல்ல தண்டு வளைஞ்சிரும், அதுவும் சரிதான். அப்ப மாட்டுத்தாவணி போய்ச் சேர்ற வரைக்கும் உங்களால எந்திரிக்க முடியாது. நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு பொது ஆள் வேணும். ரெண்டு பக்கத்துலயும் சேராத ஆள்.

புலம்பப் போறேன்னு நினைக்காதீங்க. புலம்பறது வேற, வாதம் பண்றது வேற. புலம்பறவங்க கையில ஆதாரம் இருக்காது. என் பையில ஒன்பது பக்கம் இருக்கு, எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னிக்குப் பதினோரு மணிக்கு எங்க துறைத்தலைவர் ரூம்ல விசாரணை. நான் எம்.சி.ஏ. கடைசி வருஷம். பேரு குணவதி. சிரிக்காதீங்க, எல்லாரும் அந்த இடத்துல சிரிக்கறாங்க.

எதிரி பேரு ஜெசிந்தா. மூக்கையூர்ப் பொண்ணு, அவங்கப்பா கடலுக்குப் போறவரு. ஹாஸ்டல்ல இருக்கா. மூணு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் என் சிநேகிதி. ரெண்டு வருஷம் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டோம். நான் கொண்டு போற புளியோதரை அவளுக்கு, ஹாஸ்டல்ல போடற இட்லி எனக்கு. அந்த இட்லியை நீங்க பாத்ததில்ல. அதைத் தின்னதே ஒரு தியாகம், பக்கம் ஏழுல எழுதியிருக்கேன்.

என்ன பண்ணினாளா? என் கோளைப் பிடுங்கிட்டாக்கா. கோள். வானத்துல இருக்கே, செவ்வாய், வியாழன், அந்த மாதிரி ஒண்ணு. என்னோடது. பேரு குணாபுரி.

இருங்க, இருங்க, அந்தப் பக்கம் திரும்பாதீங்க, எனக்கு ஒண்ணும் ஆகல. இது விளையாட்டு. எங்க லேப்ல இருக்கற கம்ப்யூட்டர்ல ஓடற விளையாட்டு. எங்களுக்கு முன்னாடி படிச்சவங்க எழுதி வச்சுட்டுப் போனது, நாங்க தமிழ்ப்படுத்தினோம். அண்டவணிகம்னு பேரு. படமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அவ்வளவுதான். ‘நீங்கள் 412ஆம் மண்டலத்தில் இருக்கிறீர்கள். இங்கிருந்து 87க்கும் 301க்கும் போகலாம். துறைமுகத்தில் தானியம் வாங்குகிறார்கள்’னு வரும். நீங்க எண்ணைத் தட்டினா கப்பல் போயிரும். ஒரு துறைமுகத்துல தாது ஏத்தி இன்னொண்ணுல இறக்கலாம், தானியம் ஏத்தலாம், கருவி ஏத்தலாம். எவனாவது வழி மறிச்சா சுடலாம். சுட்டா என்ன ஆகும்னா, ‘சுட்டீர்கள்’னு ஒரு வரி வரும்.

படம் இல்லாம அதுல என்ன விளையாட்டா? அக்கா, நீங்க துணியில சாக்பீஸால நாலு கோடு போட்டு அதுல ஒரு சட்டையைப் பாக்கறீங்கள்ல? அது மாதிரிதான். நான் அந்தப் பச்சை எழுத்துல ஒரு கோளையே பாத்தேன். ஒரு வருஷமா கட்டினது. ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு இருநூறு நகர்வுதான். அதுல நூறை அந்தக் கோளுக்கே செலவழிச்சேன். சுத்தி கவசம், நானூறு காவல் ஓடம். மண்ணு சுமந்ததுல பாதி ஜெசிந்தாதான், அவகிட்டதான் பெரிய கப்பல் இருந்துச்சு. கடற்குருவின்னு பேரு வச்சிருந்தா. ஆனா திட்டம் முழுக்க என்னோடது. அதனால என் பேரை வச்சேன். அவ ஒண்ணும் சொல்லல. சொல்லாதது சம்மதம்தானே?

சரி, நடந்ததை வரிசையாச் சொல்றேன். அப்பத்தான் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வசதியா இருக்கும்.

லேப்புக்கு வெளிய ஒரு போர்டு. ‘மாணவர்கள் காலணிகளை வெளியே விடவும்’. தூசி போகக் கூடாதாம், மிஷின் கெட்டுருமாம். சரி, விடறோம். ஆனா லேப் அசிஸ்டெண்ட் தங்கராசு சார் ஷூ போட்டுக்கிட்டு உள்ள போறாரு. துறைத்தலைவர் போறாரு. அவங்க ஷூவுல தூசி ஒட்டாதா? ஒரு திங்கட்கிழமை நான் செருப்போட உள்ள போய் உக்காந்துட்டேன். கழட்டுன்னாரு. நீங்க கழட்டுங்க சார், நானும் கழட்டறேன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருப்பேன். கொள்கை சத்தமாத்தான் வரும். அவரு துறைத்தலைவரைக் கூட்டிட்டு வந்துட்டாரு. லேப்ல மாணவர் பொறுப்பாளர் ஜெசிந்தாதான். அந்த விளையாட்டு ஓடற மிஷினையும் அவதான் பாத்துக்கறா, அவளோட கடைசி வருஷ ப்ராஜெக்டே அதுதான். துறைத்தலைவர் அவளைக் கேட்டாரு, இந்தப் பொண்ணு கத்திச்சா இல்லையான்னு.

அவ என்ன சொன்னா தெரியுமா? ‘ஆமா சார்.’

ரெண்டு வருஷ சிநேகிதம்க்கா. ஆமா சாராம். அதுக்கப்புறம் அவ வாயில இருந்து என்ன வந்துச்சுன்னு நான் நின்னு கேக்கல. கதவை ஓங்கிச் சாத்திட்டு வந்துட்டேன். பதினாலு நாள் லேப்புக்குள்ள வரக் கூடாதுன்னு ஆர்டர். அந்த விளையாட்டை லேப்ல இருந்துதான் ஆட முடியும், வீட்ல இருந்து முடியாது. அன்னிலேர்ந்து நான் அவகிட்டப் பேசறதில்ல. எதிர்ல வந்தா எழுந்து போயிருவேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நான் உள்ள போக முடியாத அந்த ரெண்டு வாரத்துக்குள்ளயே போர்டை மாத்திட்டாங்க. இப்ப ‘அனைவரும் காலணிகளை வெளியே விடவும்’னு இருக்கு. தங்கராசு சார் வெறுங்கால்ல நடக்கறாரு. பாத்தீங்களா, என் போராட்டத்தோட வலிமை. நான் வீட்ல உக்காந்திருக்கேன், அங்க தானா ஜெயிக்குது.

காரியாபட்டி வந்துருச்சா? பத்து நிமிஷம் நிப்பான். டீ சொல்லவா? மிஷினை வச்சுக்கிட்டு எப்படிக் குடிப்பீங்க, அதுவும் சரி. நான் மேல சொல்றேன்.

பதினாலு நாள் முடிஞ்சு திங்கட்கிழமை உள்ள போனேன். செருப்பைக் கழட்டிட்டுத்தான் போனேன், ஏன்னா இப்ப அது சமத்துவம். விளையாட்டைத் திறந்தா முதல் வரி: ‘உங்கள் கோள் குணாபுரி கைப்பற்றப்பட்டது. கைப்பற்றியவர்: ஜெசிந்தா. வியாழன், மாலை 5.40.’ எனக்குன்னு ஒரு சின்ன ஓடம் மட்டும் நிக்குது, ஒத்தை ஆள் உக்கார்ற ஓடம். அதை வச்சுக்கிட்டு ஒரு ஈயைக் கூட விரட்ட முடியாது.

அந்த நேரத்தைக் கவனிங்க. அஞ்சு நாப்பது. எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடற நேரம். லேப் காலியா இருக்கும், கேக்க ஆள் இருக்காது. இதைவிடத் தந்திரம் வேணுமா? பக்கம் ரெண்டுல அடிக்கோடு போட்டிருக்கேன்.

அதை விட வெறியைப் பாருங்க. என் கோளோட கவசத்தை உடைக்கறது லேசுப்பட்ட காரியமில்ல. ரெண்டு பேரும் சேந்து கட்டினதாச்சே. பதிவேட்டைப் பாத்தேன். புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அவளோட அத்தனை நகர்வையும் என்னை அடிக்கறதுக்கே செலவழிச்சிருக்கா. கடைசியில அந்தக் கடற்குருவியையே கொண்டு வந்து கவசத்துல மோதியிருக்கா. கப்பல் தூள். ஒரு வருஷமா சேத்த கப்பல், அவளுக்கு உசிரு. கடலுக்குப் போற தன் அப்பாகிட்டக் கூட அந்தக் கப்பலைப் பத்திப் பேசுவா. தன் உசிரையே உடைச்சாவது என்னை அழிக்கணும்னா, எம்மேல எவ்வளவு வன்மம் இருக்கணும்?

இதுக்கு மேலயும் இருக்கு. கைப்பத்தினவ என்ன பண்ணணும்? கவசத்தைத் திரும்ப ஏத்தணும். எந்தப் பைத்தியமும் அதைத்தான் பண்ணும். இவ கவசத்தைப் பூஜ்யத்துல வச்சிருக்கா. பன்னெண்டு நாளா பூஜ்யம். உன் கோளெல்லாம் எனக்குப் பூட்டு போட்டு வைக்கற அளவுக்கு ஒரு பொருளே இல்லைங்கறா. சரி, அப்படியே விட்டுட்டுப் போனாளா? அதுவும் இல்ல. புதுசா ஒரு ஓட்டைக் கப்பல் வாங்கி, வேற எந்தத் துறைமுகத்துக்கும் போகாம, யாவாரம் ஒண்ணும் பண்ணாம, தினமும் இருநூறு நகர்வும் என் கோளைச் சுத்திச் சுத்தியே வர்றா. எங்க கிளாஸ் ஹரிணி சொன்னா, கிட்டப் போன ரெண்டு பேரைச் சுட்டே விரட்டிட்டாளாம். வெற்றி ஊர்வலம்க்கா. ஊரு பாக்க நடத்தறா.

பாருங்க, உங்களுக்கே முகம் ஒரு மாதிரி ஆகுது. எனக்கு எப்படி இருக்கும்?

அதனாலதான் புகார். என்ன கேட்டிருக்கேன்னா, ஜெசிந்தாவைப் பொறுப்புல இருந்து எடுக்கணும், அந்த மிஷின் பக்கமே விடக் கூடாது. ஆமா, ப்ராஜெக்ட் நின்னு போகும். ப்ராஜெக்ட் போனா இந்த வருஷம் போகும். வர்ற மாசம் பரிட்சை, அவளுக்குச் சென்னையில வேலைக்கு ஆர்டர் கூட வந்தாச்சு, ஜூலைல சேரணும். தெரியும்க்கா. தெரியாமலா எழுதினேன்? துறைத்தலைவர் படிச்சுட்டு, ‘நீ இன்னிக்கு நேர்ல வந்து ஆமான்னு சொன்னாப் போதும்மா, நடவடிக்கை எடுத்துடலாம்’னாரு. அவருக்கும் அந்தச் செருப்பு விஷயத்துல அவமேல ஏதோ கோபம் இருக்கு, என்னன்னு தெரியல. ஒரு வார்த்தைதான். அவ எனக்குச் சொன்ன அதே வார்த்தை. ‘ஆமா சார்.’

ஆனா நான் நியாயமான ஆளுக்கா. அந்த விளையாட்டுல நியாயம்னு ஒண்ணு இருக்குன்னா அது நான் கொண்டு வந்ததுதான். நான் சேந்தப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? படிப்பை முடிச்சு ஓசூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன சீனியருங்க பேர்ல நல்ல நல்ல கோளெல்லாம் பூட்டிக் கிடந்துச்சு. எவனும் எட்டிப் பாக்கறதில்ல. நான் கேன்டீன்ல கூட்டம் போட்டேன். ஆடற இருபத்திமூணு பேரும் வந்தாங்க. பயன்படுத்தாதவனுக்கு என்ன உரிமைன்னு கேட்டேன். பத்து நாள் உள்ள வராதவங்க கோள், பத்தாவது நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானா அழிஞ்சிரணும்னு தீர்மானம். இருக்கற இடமே தெரியாம. ஜெசிந்தா மட்டும் எந்திரிச்சு, உடம்பு சரியில்லாம லீவுல போறவங்க என்ன பண்ணுவாங்க, கொஞ்சம் விதிவிலக்கு வைப்போமேன்னா. விதிவிலக்கு வச்சா அது விதியே இல்லைன்னேன். பத்தொன்பதுக்கு நாலுல ஜெயிச்சேன். தோத்தவளே உக்காந்து அந்த விதியை ப்ரோகிராம்ல எழுதினா. அதான் ஜனநாயகம்.

இன்னும் ரெண்டு விதி கொண்டு வந்தேன். ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் உள்ள போகக் கூடாது. பொறுப்பாளர் உள்ளுக்குள்ள கை வச்சு எதையும் மாத்தக் கூடாது. அவளுக்குன்னு இருந்த தலைமை ரகசியச்சொல்லை ஒரு கவர்ல போட்டு ஒட்டி, துறைத்தலைவர் பீரோவுல வைக்கச் சொன்னேன். எதையாவது பண்ணணும்னா அவளும் எல்லாரையும் மாதிரி ஆடித்தான் பண்ணணும். அவ்வளவு கட்டுப்பாடு வச்சும் பாருங்க, என் முதுகுலயே குத்திட்டா.

என்னக்கா விரலை மடக்கி மடக்கி எண்ணறீங்க? துணி அளவா?

நான் கடைசியா உள்ள போனதா? அதான் சொன்னேனே, அந்தச் செருப்புத் திங்கட்கிழமை. ஆமா, அன்னிக்குத்தான் கடைசி. அவ பிடுங்கினது அடுத்த வாரம் வியாழக்கிழமை. செவ்வாய் ஒண்ணு, புதன் ரெண்டு... ஆமா, பத்து. பத்தாவது நாள். அதுக்கென்ன?

அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன ஆகியிருக்கும்னா கேக்கறீங்க? என்ன ஆகியிருக்கும், நான்தான் சொன்னேனே, விதிப்படி கோள் தானா அழிஞ்சு...

கண்டக்டர் அண்ணே, விசிலை இவ்வளவு கிட்ட ஊதாதீங்க.

அழிஞ்சிருக்கும். அவ பேருக்கு மாறினதால அழியல. ஆனா அது வேற விஷயம்க்கா. அஞ்சு நாப்பதுங்கறது ஆறு மணிக்கு இருபது நிமிஷம் முன்னாடிங்கறது தற்செயல். ஒரு வாதத்துல தற்செயலை ஆதாரமா எடுத்துக்க முடியாது. அவளுக்கு அப்படி நல்லெண்ணம் இருந்தா என்கிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லாம எடுத்தா அது திருட்டுதான்.

சொன்னாளான்னா... மெசேஜ் வந்துச்சு. ஃபோன்ல நாப்பத்தோரு மெசேஜ் இருக்கு. நான் அவளை ப்ளாக் எல்லாம் பண்ணல, ப்ளாக் பண்றது கோழைத்தனம். சத்தம் வராம பண்ணி வச்சிருக்கேன். ஒண்ணையும் திறக்கல. ஏன்னா அது சாட்சியம். விசாரணையில எல்லார் முன்னாடியும்தான் திறக்கணும், இல்லேன்னா நான் எதையோ அழிச்சுட்டேன்னு அவ சொல்லலாம். பக்கம் ஒன்பதுல எழுதியிருக்கேன், ‘திறக்கப்படாத நாற்பத்தொன்று’ன்னு. அதைப் படிச்சா துறைத்தலைவருக்கே புல்லரிக்கும்.

இங்க திறந்தா என்ன தப்பா? நீங்க பொது ஆள்தான், ஒத்துக்கறேன். நீங்க சாட்சி. சரி. நீங்களே பாருங்க, நான் கையை மட்டும் வைக்கறேன். கண்ணாடி எடுத்துட்டு வரலையா? அப்ப நானே படிக்கறேன். ஒரு வார்த்தை விடாமப் படிக்கறேன். அவ எழுதின லட்சணத்தை நீங்களும் கேளுங்க.

முதல் மெசேஜ், அந்தத் திங்கட்கிழமை. ‘நீ கத்தினது நிசம், அதனால ஆமான்னேன். ஆனா அவ கேட்டது நியாயம் சார், நீங்களும் கழட்டணும் சார்னும் சொன்னேன். அதுக்குள்ள நீ கதவை அறைஞ்சுட்டுப் போயிட்டே. என்னையும் வெளிய நிக்கச் சொன்னாரு. போர்டை மாத்தணும்னு எழுதிக் குடுத்திருக்கேன்.’

ம்.

அடுத்து. ‘புளியோதரை வேணும்.’ இதெல்லாம் சாட்சியம் ஆகாது, தள்ளிருவோம். ‘ஆறு நாள் ஆச்சு, லேப்புக்குள்ள வராட்டி என்ன, ஜன்னல்கிட்டயாவது வா, நான் கீபோர்டை வெளிய நீட்டறேன்.’ ‘ஏழு.’ ‘எட்டு. உன் ரகசியச்சொல்லை மட்டும் சொல்லு, ஒரு தடவை உள்ள போயிட்டு வந்துடறேன். விதியை மீறினதுக்கு எவன்கிட்ட வேணா திட்டு வாங்கிக்கறேன்.’ ‘துறைத்தலைவர்கிட்ட அந்தக் கவரைக் கேட்டேன். உன் பேரைக் கேட்டதும் பீரோ சாவியைக் காணோம்னுட்டாரு.’ ‘ஒன்பது. உங்க வீட்டு நம்பருக்கு அடிச்சேன். நீ இல்லைன்னு நீயே சொன்னே.’

அது நான்தான். குரலை மாத்தித்தான் சொன்னேன்.

‘பத்து. கவசம் உடைய மாட்டேங்குது. இப்படிக் கல்லு மாதிரியாடி கட்டறது? கடற்குருவியை விடறேன்.’ அப்புறம் அஞ்சு நாப்பத்தொண்ணுக்கு, ‘எடுத்துட்டேன். திட்டுவே, தெரியும்.’

இருங்கக்கா. தூசியா அடிக்குது. ஜன்னலைச் சாத்துங்க. நீங்க எப்படிச் சாத்துவீங்க, நானே சாத்தறேன்.

கடைசி ஒண்ணு. முந்தாநாள் வந்தது. ‘கவசத்தை இறக்கியே வச்சிருக்கேன். உன் சின்ன ஓடத்தால ஒரு தட்டுத் தட்டினாலே கோள் உன் பேருக்கு வந்துரும். வேற எவனும் தட்டிறக் கூடாதுன்னு சுத்திக்கிட்டே கிடக்கேன். வந்து தொலைடி. எனக்குத் தலை சுத்துது.’

இல்லக்கா, அழல. நான் யோசிக்கறேன். இதுல மூணு ஓட்டை இருக்கு. ஒண்ணு, கேக்காம எடுத்தது கேக்காம எடுத்ததுதான். ரெண்டாவது... ரெண்டாவதை அப்புறம் சொல்றேன்.

புகாரையா? வாபஸ் எல்லாம் கிடையாது. எழுதினது எழுதினதுதான், நான் பின்வாங்கற ஆள் இல்ல. ஆனா ஒரு திருத்தம் பண்ணணும். கோள் அழியற நிலைமைக்கு வந்ததுக்குக் காரணம் அந்தப் பத்து நாள் விதி. விதிவிலக்கே வைக்காம அப்படி ஒரு விதியைக் கொண்டு வந்தது யாருன்னு விசாரிக்கணும். சரியான குற்றவாளி பேரைப் போடணும். பேனா இருக்காக்கா? அளவெடுக்கற பென்சில் போதும், குடுங்க. ஜெசிந்தாங்கற பேரு ஒன்பது பக்கத்துலயும் வருது, எல்லாத்தையும் அடிக்கணும். மேல என்ன பேரு எழுதணும்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்ல வேண்டாம்.

துறைத்தலைவர் முன்னாடி அந்த ஆமாவை மட்டும் சொல்ல மாட்டேன். கத்தினது நான்தானான்னு கேட்டா சொல்றேன். அதுக்கு ஆமாதான்.

மண்டேலா நகர் தாண்டிட்டான். மாட்டுத்தாவணியில இறங்கறப்ப நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, நான் இந்தப் பக்கம் பிடிக்கறேன், உங்க மிஷினுக்கு ஒண்ணும் ஆகாது. நான் வேற பஸ் மாறணும். பதினோரு மணிக்குள்ள லேப்புக்குப் போய் அவளைப் பாக்கணும், விசாரணைக்கு முன்னாடி. பேசறதுக்கு இல்ல. சண்டை போட. டிபன் பாக்ஸ் எடுத்துட்டு வந்திருக்கேன், அது எப்பவும் எடுத்துட்டு வர்றதுதான்.

ஒரு தட்டுத் தட்டினா வந்துருமாம். என்னை என்னன்னு நினைச்சா? கவசத்தை இறக்கி வச்சிருக்கறவளை நான் அடிப்பேனா? முதல்ல கவசத்தை ஏத்துடீன்னு சொல்லப் போறேன். முழுசா, நூத்துக்கு நூறு. அப்புறம்தான் அடிப்பேன். அந்தச் சின்ன ஓடத்தை வச்சுக்கிட்டு எத்தனை மாசம் ஆனாலும் சரி.